"லேசாத்தான் அடிக்குது" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

அந்த வீட்டில் வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. அதன் நடுவில் இரண்டு பாதத் தடம் அழுக்காகப் பதிந்திருந்தது. "மெஷின் லேசா ஷாக் அடிக்கும், அது மேல நின்னு தொட்டா ஒண்ணும் பண்ணாதுங்க, ஆறு மாசமா அப்படித்தான் துணி போடுறோம்" என்றார் வீட்டம்மா. அவருடைய ஆறு வயது மகளுக்குப் பலகைக் கணக்கு தெரியாது. குளித்துவிட்டு ஈரக் காலோடு ஓடி வந்தவள் மெஷினின் பக்கத் தகட்டில் கை வைத்திருக்கிறாள். கால் வழுக்கி விழுந்ததில் கை தானாக விலகியது. அதனால்தான் இன்று இருக்கிறாள். நான் போனபோது விரல் நுனியில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சாக்கெட்டைக் கழற்றினேன். பச்சை வயர் உள்ளே வரைக்கும் வந்திருந்தது. ஆனால் எர்த் முனையில், அதாவது கசியும் கரண்டைத் தரைக்கு அனுப்பும் முனையில் மாட்டாமல், வெட்டி, கறுப்பு டேப் சுற்றி ஒதுக்கி வைத்திருந்தார்கள். 22 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். இந்தக் கறுப்பு டேப்பை எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. இதைச் செய்தவரும் நம் தொழில்காரர்தான். அதுதான் அதிகம் வலிக்கிறது.

ஆறு மாதமாக அடித்த அந்த "ஜிவ்" என்ன தெரியுமா? பெரும்பாலான மெஷின்களில், கம்ப்யூட்டர்களில், மின் இரைச்சலை வடிகட்ட உள்ளே சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றிலிருந்து துளி கரண்ட் பாடிக்கு வரும். எர்த் வழியாகச் சத்தமில்லாமல் போய்விடும். எர்த் இல்லையென்றால் அது உங்கள் கை வழியாகப் போகும். அந்தத் துளி ஆளைக் கொல்லாது. ஆனால் இந்த வீட்டில் எர்த் இல்லை என்று மெஷின் தினமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு ஒருநாள், அதிர்வில் பின்பக்க வயர் ஒன்று தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு வெளியே வந்து பாடியைத் தொட்டது. எர்த் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த நொடியே பிரேக்கர் விழுந்திருக்கும். குழந்தை வரும்வரை காத்திருந்திருக்காது.

"லேசா அடிக்குது" என்றால் பழுது லேசானது என்று அர்த்தமில்லை. உங்கள் கை காய்ந்திருக்கிறது, காலில் செருப்பு இருக்கிறது, அவ்வளவுதான். அதே மெஷினை ஈரக் கையோடு வெறுங்காலில் தொட்டால் கதை வேறு. தோல் நனைந்தால் உடம்பின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டில் அது 230 மில்லி ஆம்பியர்.

அந்த வீட்டுக்காரர் அடுத்துக் கேட்டதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். "பிரேக்கர் போட்டிருக்கோமே, ஏன் விழல?" படித்தவர்கள், விவரமானவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். அவர் காட்டியது எம்சிபி. அது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. அவர் வீட்டில் இருந்தது 16 ஆம்பியர், அதாவது 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். மனிதனுக்கோ 1 மில்லி ஆம்பியரிலேயே சுர்ரென்று தெரியும். 10ஐத் தாண்டினால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 100 மில்லி ஆம்பியர் ஓரிரு விநாடி நெஞ்சு வழியாகப் போனால் இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்க ஆரம்பித்துவிடும். அந்த 100 மில்லி ஆம்பியர் என்பது 23 வாட் பல்பு எரியும் கரண்ட். பல்பு போட்டால் எம்சிபி விழுமா? விழாது. நீங்கள் துடித்துக்கொண்டிருந்தாலும் அதற்கு அது ஒரு பல்புதான்.

ஆளைக் காப்பது ஆர்சிசிபி. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 விநாடிக்குள் துண்டித்துவிட வேண்டும். பார்ப்பதற்கு எம்சிபி மாதிரியே இருக்கும், ஆனால் முகப்பில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அந்தப் பட்டன் உங்கள் போர்டில் இருக்கிறதா? எழுந்து போய்ப் பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள். விழவில்லையென்றால் இன்றே ஆளைக் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அடிக்கடி விழுகிறது என்று சொல்லி அதை பைபாஸ் பண்ணச் சொல்லாதீர்கள். அது விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. ஒரு கையில் ஃபேஸையும் (கரண்ட் வரும் வயர்) மறு கையில் நியூட்ரலையும் (திரும்பும் வயர்) பிடித்தால் ஆர்சிசிபிக்கும் தெரியாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எர்த் இல்லாத இடத்தில் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிட்டு வருவதை நிறுத்துங்கள். நியூட்ரல் அறுந்த அன்று மெஷின் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். மீட்டரில் வோல்ட் காட்டுகிறது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், லோடு கொடுத்துப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று பின் ப்ளக்கில் நீளமான, தடித்த பின்தான் எர்த். அதை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகாதீர்கள். இரண்டு பின் ப்ளக்கைத் திருப்பிப் போட்டதும் ஷாக் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், பழுது அப்படியேதான் இருக்கிறது. சில எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே இரண்டு வயர்தான் ஓடும். அதில் வாஷிங் மெஷினை மாட்டாதீர்கள். வாட்டர் ஹீட்டரை அணைத்துவிட்டுக் குளியுங்கள். அதன் எலிமென்ட் உப்புப் படிந்து விரிசல் விட்டால் ஷாக் தண்ணீரிலேயே வரும். சுத்தம் செய்வதானால் சுவிட்ச்சை மட்டும் நம்ப வேண்டாம், ப்ளக்கையே பிடுங்குங்கள். சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் உள்ளே ஃபேஸ் இருக்கும். டெஸ்டர் எரியவில்லை என்று தைரியமாகக் கை வைக்காதீர்கள். நீங்கள் காய்ந்த பலகை மேல் நின்றால் அது சரியாக எரியாமலும் போகலாம்.

யாரையாவது கரண்ட் பிடித்திருந்தால் ஓடிப் போய்த் தொடாதீர்கள். கஷ்டம்தான், தெரியும். முதலில் மெயினை அணையுங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். நினைவும் மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள், உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து நடந்துவிட்டாலும், மயங்கியிருந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தோல் கருகியிருந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வெளியே பொட்டு அளவு தெரியும் தீக்காயம் உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வீட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது.