70 வீதம் என்று சொல்வதன் கணக்கு

மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழும்பின் பிற்பகல் மழையைக் கணிப்பது லேசான வேலை இல்லை. அது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். தென்மேற்கோ வடகிழக்கோ எந்தக் காற்றின் கையும் ஓங்கியிருக்காது. வெயிலில் நிலம் சுடும், கடற்காற்று உள்ளே வரும், ஈரக்காற்று மேலெழுந்து இடிமுகிலாகும். ஒரு முகிலின் அகலம் சில கிலோமீற்றர்தான். வெள்ளவத்தையில் கொட்டித் தீர்க்கும்போது கொட்டாஞ்சேனை வீதிகள் காய்ந்து கிடக்கலாம்.

இப்படியான நாளிலும் "இன்றைக்கு மழை நிச்சயம்" என்று அடித்துச் சொல்பவரைத்தான் நாம் கெட்டிக்காரர் என்கிறோம். வானிலை அறிவியல் அப்படி நினைப்பதில்லை. 1961இல் அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸ், வானிலையைக் கணிக்கும் ஒரு கணினிக் கணக்கை இடையிலிருந்து மீண்டும் ஓட்டினார். 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்திருந்தார். போகப்போகக் கணக்கில் வந்த வானிலை முற்றிலும் வேறாகிவிட்டது. எந்த அளவீட்டிலும் இந்தளவு பிழையாவது இருக்கத்தான் செய்யும். அதனால்தான் ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம், 1992 முதல், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல தடவை கணிக்கிறது. பெரும்பாலான கணிப்புகள் மழை என்றால் நிகழ்தகவு கூடும். அவை ஆளுக்கொரு பக்கம் போனால், எவ்வளவு தெரியவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, எப்போதும் 70 வீதம் என்று சொல்லித் தப்பிக்கலாமே? அதற்கு வழியில்லை. அமெரிக்க வானிலைப் பணியகத்தைச் சேர்ந்த கிளென் பிரையர் 1950இல் ஒரு மதிப்பீட்டு முறையை முன்வைத்தார். அதன் எளிய வடிவம் இது: மழை வந்தால் 1, வராவிட்டால் 0. சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம்தான் தண்டப்புள்ளி. 0.7 என்று சொல்லி மழை வந்தால் 0.09, வராவிட்டால் 0.49. நிச்சயம் என்று சொல்லி, வராவிட்டால் முழுசாக 1.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். உண்மையில் மழைக்கு 70 வீத வாய்ப்பு இருக்கிறது, உங்களுக்கும் அப்படித்தான் படுகிறது என்று வையுங்கள். மனதில் உள்ளபடி 0.7 என்றால் சராசரித் தண்டம் 0.21. வீம்புக்கு 1 என்றால் 0.30. பயந்து 0.5 என்றால் 0.25. வேறு எந்த எண்ணைச் சொன்னாலும் தண்டம் கூடுமே தவிரக் குறையாது.

அதற்காக "யாருக்குத் தெரியும்" என்று தினமும் 0.5 போட்டுவிட்டு இருக்கவும் முடியாது. அப்படிச் செய்பவருக்கு என்றைக்கும் 0.25தான். வானத்தைப் படித்து, தகுந்த நாளில் 90 வீதம் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கோ அப்படியான நாட்களில் சராசரி 0.09.