கரப்பான் மீது செருப்பு ஏன் படுவதில்லை?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும். புதுச்சேரியிலும் கடலூர் முதுநகரிலும் ராத்திரி குளியலறை விளக்கைப் போட்டதும் ஏதாவது ஒரு வீட்டில் அலறல் கேட்கும். தெருச் சாக்கடையில் தண்ணீர் ஏற ஏற, உள்ளே குடியிருந்த கரப்பான்கள் குழாய் வழியாக மேலே வருகின்றன. 2015 வெள்ளத்தில் கடலூர்க்காரர்கள் மேட்டைத் தேடிப் போனார்களே, அதே வேலைதான்.

அடுத்து செருப்பு கைக்கு வரும், ஓங்கி அடிப்போம், தரை அதிரும், கரப்பான் அங்கே இருக்காது. இந்தப் பூச்சியின் மேல் உள்ள பயத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது: எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது, காலில் ஏறிவிடுமோ என்ற பதற்றம். ஆனால் அது ஓடும் விதத்தில் மர்மம் இல்லை. பூச்சியின் நரம்பு மண்டலத்தில் இந்த அளவுக்கு நன்றாக ஆராயப்பட்ட பகுதிகள் குறைவு.

கரப்பானின் பின்முனையில் இரண்டு குட்டைக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். பிளஸ் ஒன் விலங்கியல் படித்தவர்கள் படம் வரைந்து பாகம் குறித்திருப்பார்கள். செர்சி என்று பெயர். ஒவ்வொரு கொம்பின் அடிப்பக்கத்திலும் ஏறக்குறைய 220 மெல்லிய முடிகள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு முடியும் தன் குழியில் ஒரு குறிப்பிட்ட திசைக்குத்தான் எளிதாகச் சாயும். ஆகவே எந்த வரிசை அதிகம் சாய்ந்தது என்பதே காற்று எங்கிருந்து வந்தது என்ற கணக்கு. இந்தச் செய்தி தலைக்குப் போய் யோசனை செய்து திரும்புவதில்லை. தடித்த நரம்பிழைகள் வழியாக நேரே நெஞ்சுப் பகுதிக்கு வந்து கால்களை இயக்கிவிடுகிறது. காற்று பட்டதிலிருந்து உடல் திரும்பும் வரை சுமார் 0.05 விநாடி. கண்ணால் பார்த்ததற்குக் கை அசைய நமக்கு 0.2 விநாடியாவது வேண்டும்.

செருப்பு விழும் முன்பே அது தள்ளும் காற்று விழுந்துவிடுகிறது. தேரைகளை வைத்து 1978இல் செய்த சோதனையில் இது தெளிவானது: தேரை பாய்ந்து நாக்கை நீட்டும்போது எழும் காற்றிலேயே கரப்பான் திரும்பத் தொடங்கியது; கொம்புகளை மூடிவிட்டபோது அதிகமாக மாட்டியது. அந்த முடிகள் காற்றின் வேகத்தைக் காட்டிலும் அது எவ்வளவு சட்டென்று கூடுகிறது என்பதையே பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. ஃபேன் ஓடும் அறையில் கரப்பான் நிம்மதியாக நடப்பதற்கும் இதுதான் காரணம். ஈ அடிக்கும் மட்டையில் ஓட்டைகள் இருப்பதும் காற்று தள்ளாமல் இருக்கத்தான்.

தப்பும் திசையிலும் ஒரு கணக்கு உண்டு. ஆபத்து வந்த பக்கத்திலிருந்து ஏறக்குறைய 90, 120, 150, 180 டிகிரி என்ற சில கோணங்களில் ஒன்றில் திரும்பி ஓடுகிறது என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. எந்தக் கோணம் என்பது முறைக்கு முறை மாறும். இதனால்தான் நம்மால் ஊகிக்க முடிவதில்லை. பெரிய கரப்பான் விநாடிக்கு 1.5 மீட்டர் வரை ஓடும், அதாவது தன் உடல் நீளத்தைப் போல் ஏறக்குறைய 50 மடங்கு. அந்த உச்ச வேகத்தில் முன்பகுதியைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால் இரண்டில் ஓடுகிறது!

சமையல் மேடையின் விளிம்புவரை ஓடி, மாயமாக மறைந்ததைப் பார்த்திருப்பீர்கள். கீழே விழுந்ததாக நினைத்துத் தரையில் தேடாதீர்கள். பின்னங்கால் நகங்களை விளிம்பில் மாட்டி, ஊசல் போல ஆடி, மேடையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிடிக்க வேண்டுமானால் செருப்பை விட்டுவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரை எடுங்கள். மேலிருந்து மெதுவாக, சீரான வேகத்தில் இறக்குங்கள். கடைசி இரண்டு விரற்கடையில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள், அங்கேதான் காற்று தள்ளி அது ஓடிவிடும். மூடியபின் அடியில் தடித்த அட்டையைச் செருகினால் வேலை முடிந்தது.

சுவர் இடுக்கில் நுழைவது இன்னொரு வித்தை. 2016இல் வெளியான ஆய்வில், பெரிய கரப்பான் 3 மில்லிமீட்டர் இடுக்கில் ஒரு விநாடிக்குள் நுழைந்தது. இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கினால் வரும் உயரத்துக்கும் குறைவு. அதன் ஓடு ஒரே தகடு கிடையாது. கெட்டித் தட்டுகளை மென்படலம் இணைக்கிறது. தன் எடையைப் போல 900 மடங்கு அழுத்தியும் காயமில்லாமல் எழுந்து ஓடியது. செருப்பு மேலே பட்டும் சில சமயம் தப்புவது இதனால்தான்.

குளியலறைக்கு வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கரப்பான். சொந்த ஊர் ஆப்பிரிக்கா, கப்பல் ஏறி உலகம் சுற்றியது. மிக்ஸிக்கு அடியிலும் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பிலும் ஒளியும் சின்னது ஜெர்மன் கரப்பான். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாது, கழுத்துத் தட்டில் இரண்டு கருங்கோடுகள். பெயரை நம்ப வேண்டாம். ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ மனிதக் குடியிருப்புகளுக்குள் வந்த ஆசியக் கரப்பானின் வழித்தோன்றல் என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. நம்மூர்ப் பக்கத்துச் சரக்குதான்.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பெரியதற்கு மருந்தைவிடத் தண்ணீர் முக்கியம். தரையில் தண்ணீர் வடியும் ஓட்டைக்குக் கீழே உள்ள நானி ட்ராப் என்ற கிண்ணத்தில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் கதவு. பூட்டிக்கிடக்கும் குளியலறையில் அது வற்றிவிடும். வாரம் ஒரு சொம்பு ஊற்றினால் போதும். பழைய வீடுகளில் ட்ராப்பே இல்லாமல் குழாய் நேரே வாய்க்காலுக்குப் போகும், அங்கே நெருக்கமான சல்லடை மூடி வேண்டும். வாஷ்பேசின் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் சுற்றி விடும் இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. சிமென்ட்டால் பூசுங்கள்.

சின்னதற்கு ஜெல் தீனி. அரிசி அளவுப் பொட்டுகளாக, அலமாரிக் கீல், அடுப்புக்குப் பின்புறம் என்று அது ஒளியும் இடத்துக்கு அருகிலேயே வைக்க வேண்டும். மருந்து மெதுவாக வேலை செய்வதில்தான் சூட்சுமம்: தின்றது ஒளிவிடத்துக்குத் திரும்பிச் சாகும், அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். இதன்மேல் ஸ்ப்ரே அடித்தால் காரியம் கெட்டது, அந்த நெடிக்குக் கரப்பான் தீனியை நெருங்காது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் விட்டாலும் தீனிக்குப் போட்டியாகிவிடும். ஒரே ஜெல்லை ஆண்டுக்கணக்கில் வைப்பதும் வீண்: தீனியில் இனிப்புக்குக் கலக்கும் குளுக்கோஸ் வாயில் பட்டால் கசப்பாக உணரும் ஜெர்மன் கரப்பான் கூட்டங்கள் உருவாகிவிட்டதை 2013இல் விளக்கியிருக்கிறார்கள். போரிக் பவுடர் தூவுகிறவர்கள் குவித்து வைக்கிறார்கள். குவியலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய படலமாக, குழந்தைகள் கை படாத இடத்தில் இருக்க வேண்டும்.

அருவருப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். சாக்கடையில் நடந்த கால் சோற்றுப் பானையிலும் நடந்தால் கிருமி வரும். உரித்த தோலும் எச்சமும் பொடியாகிக் காற்றில் கலந்தால் ஆஸ்துமாவைத் தூண்டும். ஆகவே அலமாரியை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஆனால் அசிங்கமான பிராணி என்ற பட்டம் பொருந்தாது. தன் மீசையை வாயில் இழுத்து அடிக்கடி வழித்துச் சுத்தம் செய்யும். அழுக்கு படிந்தால் மோப்பம் மங்கிவிடும், அதற்காக.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று: அதன் கொழுப்புத் திசுவில் பிளாட்டாபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. கழிவு நைட்ரஜனை எடுத்து அமினோ அமிலங்களாக மாற்றிக் கொடுக்கிறது. காகிதம், பசை, காய்ந்த சருகு என்று சத்தே இல்லாததைத் தின்று வாழ முடிவது இதனால்.

வீட்டுச் சுவரில் கறுப்பாக ஒரு சின்னக் குளவி, தட்டையான குட்டி வயிற்றைக் கொடி போல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடப்பதைக் கண்டால் அடிக்காதீர்கள். அது நம்மைக் கொட்டாது. இவேனியா என்ற அந்தக் குளவி, காராமணி போலிருக்கும் கரப்பான் முட்டைக்கூட்டைத் தேடி அதற்குள் ஒரு முட்டை இடும். அதன் புழு, உள்ளே இருக்கும் 14, 16 கரப்பான் முட்டைகளையும் தின்று தீர்க்கும். ஸ்ப்ரே முட்டைக்கூட்டைத் துளைக்காது. இந்தக் குளவியைத்தான் முதலில் கொல்லும்.

உலகில் ஏறக்குறைய 4,600 கரப்பான் வகைகள் உண்டு. மனிதர் வாழும் இடத்துக்கு வருபவை சுமார் 30. மிச்சமெல்லாம் சருகிலும் மட்கிய கட்டையிலும் வாழ்ந்து, இலையை மண்ணாக்குகின்றன. தென்னிந்தியப் புதர்க்காடுகளின் மேல்மண்ணிலும் சருகிலும் தெரியா பெட்டிவெரியானா என்றொரு வகை உண்டு. கறுப்பு உடல், அதில் ஏழு வெள்ளைப் பொட்டு. லின்னேயஸ்கூட முதலில் இதை வண்டினத்தில்தான் சேர்த்தார். கடித்தால் வலிக்கும் ஒரு பொட்டு வண்டைப் போலவே இருப்பதால் மற்ற பிராணிகளும் ஏமாந்து ஒதுங்குவதாகக் கருதுகிறார்கள். கையில் ஊரவிட்டு, அழகான வண்டு என்று படம் எடுப்பவர்கள் உண்டு. கரப்பான் என்று சொன்னதும் கையை உதறுகிறார்கள்.