பூசணக் கடலை கல்லீரலில் என்ன செய்கிறது?

ஆந்திராவில் குப்பம், பலமனேர் பக்கம் வேர்க்கடலை பிடுங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், சரியாகக் காயாத காயையே மூட்டை கட்ட வேண்டிவரும். அந்த ஈரத்தில் வளரும் ஒரு பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க்கு இது உறுதியான காரணம்.

ஆனால் அஃப்ளாடாக்சின் நேராகப் போய் டிஎன்ஏ-வைத் தொடுவதில்லை. அதை வெளியேற்றுவதற்காகக் கல்லீரல் நொதிகள் அதில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கின்றன. அதன் பிறகுதான் அது ஆபத்தானதாக மாறுகிறது. செல்லில் நஞ்சை முறிக்கும் குளூட்டாத்தயோன் என்ற பொருள் முடிந்தவரை அதைப் பிடித்து அடக்கும். தப்பித்தது டிஎன்ஏ-வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானைன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டியதுமே புற்றுநோய் வந்துவிடாது. ஆரோக்கியமான கல்லீரல் செல் பெரும்பாலும் இரண்டாகப் பிரியாமல் சும்மா இருக்கும். டிஎன்ஏ-வை நகலெடுக்காதவரை, ஒட்டிய இடத்தை வெட்டியெடுத்துச் சரிசெய்ய அவகாசம் உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பவர்களுக்கு அந்த அவகாசம் குறைகிறது. செல்கள் செத்துக்கொண்டே இருப்பதால், இடத்தை நிரப்ப மற்றவை பிரிகின்றன. பழுதான குவானைனை நகலெடுக்கும் நொதி தப்பாகப் படிக்கிறது. கடைசியில் குவானைன் இருந்த இடத்தில் தைமின் என்ற வேறொரு எழுத்து உட்கார்ந்துவிடுகிறது. சேதமான செல்லைப் பிரியவிடாமல் தடுப்பது பி53 மரபணு. அதன் 249-ஆவது குறியீட்டில் (மூன்றெழுத்துச் சொல்லில்) இதே மாற்றம் இருப்பதை, அஃப்ளாடாக்சின் அதிகமுள்ள சீன, ஆப்பிரிக்கப் பகுதி நோயாளிகளின் கட்டிகளில் 1991-இல் பார்த்தார்கள். அஃப்ளாடாக்சினும் ஹெபடைடிஸ் பி-யும் ஒருவரிடம் சேர்வதைத்தான் நான் மிகவும் பயப்பட வேண்டியதாக நினைக்கிறேன்.

இதே நகல் வேலையைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளும் உண்டு. எலியின் கல்லீரல் கட்டி, நல்ல கல்லீரலைவிட அதிகமாக யுராசிலை (செல் தைமின் செய்யப் பயன்படுத்தும் பொருளை) இழுப்பது தெரிந்ததும், ஆய்வாளர் சார்லஸ் ஹைடெல்பெர்கர் குழுவினர் யுராசிலில் ஃபுளூரினைச் சேர்த்து 1957-இல் ஃபுளூரோயுராசில் என்ற மருந்தை வெளியிட்டார்கள். அது தைமின் தயாரிப்பை அடைக்கிறது. பிரியத் துடிக்கும் செல் நகலெடுக்க வழியில்லாமல் நிற்கிறது. ஓய்வில் இருக்கும் நல்ல கல்லீரல் செல்லுக்கு அவ்வளவு பாதிப்பில்லை; உடம்பில் ஏறும் இந்த மருந்தின் பெரும்பகுதியைச் சிதைப்பதும் கல்லீரல்தான்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வறுத்தாலும் அஃப்ளாடாக்சின் முழுசாகப் போகாது. கருத்த, சுருங்கிய, பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறியுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் வந்துவிடும். பிறந்த குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள்.