சார்கோமா: தசைப்புற்று என்று சொல்லலாமா?

'சாஃப்ட் டிஷ்யூ சார்கோமா' என்பதைப் பலர் 'தசைப் புற்றுநோய்' என்று எழுதிவிடுகிறார்கள். பாதிதான் சரி.

கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை. 'ஓமா' கட்டியைக் குறிக்கும் விகுதி. கல் சவப்பெட்டியான சார்கோஃபேகஸுக்கும் இதே வேர்தான். 'சதை தின்னி' என்று பொருள். முன்பு சதைபோல் வளர்ந்த எதற்கும் பொதுவாக இருந்த சார்கோமா, இப்போது கொழுப்பு, தசை, ரத்தக்குழாய், எலும்பு ஆகியவற்றில் தோன்றும் புற்றுக்கு மட்டும் ஆகிவிட்டது. தோலிலும் உறுப்புகளின் உட்படலத்திலும் தோன்றுவது கார்சினோமா. அது நண்டிலிருந்து வந்த பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சதைப்புற்று' நேரான சொல்தான், ஆனால் எலும்பில் வரும் சார்கோமாவுக்கு ஒட்டாது. 'இணைப்புத்திசுப் புற்று' என்றால், தசை அந்த வகையில் சேராதே என்று உயிரியல் ஆசிரியர்கள் முறைப்பார்கள். குடும்பப் பெயராக 'சார்கோமா' அப்படியே இருக்கட்டும். எலும்பு நீங்கலானவற்றுக்கு 'மென்திசுப் புற்று' போதும் என்பது என் கட்சி.

மென்திசுப் புற்று ஒரே நோயும் அல்ல. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். புற்றணுவை வளரத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுக்கும் இலக்கு மருந்துகளைச் சோதிக்கும்போது இதுதான் பெரிய சிக்கல். 'ஜிஸ்ட்' எனப்படும் இரைப்பை-குடல் வகையில் பெரும்பாலும் கிட் என்ற மரபணு பழுதாகியிருக்கும். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை இமாடினிப் மாத்திரை அடக்குகிறது. 2000-இல் பின்லாந்தில் முற்றிய நிலையிலிருந்த ஒரு நோயாளிக்குக் கொடுத்தபோது கட்டிகள் நன்றாகச் சுருங்கின. 2002-இல் அமெரிக்கா அனுமதி தந்துவிட்டது.

மற்ற வகைகளில் இவ்வளவு எளிதாக நடக்கவில்லை. கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுப்பது பாசோபானிப். அதைச் சோதித்து 2012-இல் வெளியான பேலட் ஆய்வில் 369 பேர் இருந்தார்கள். நோய் மேலும் முற்றாமல் நின்ற காலத்தின் இடைநிலை அளவு, போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 1.6 மாதம், மருந்து எடுத்தவர்களுக்கு 4.6 மாதம். ஆயுள் கூடியதாக உறுதியாகவில்லை. முந்தைய கட்டச் சோதனையில் போதிய பலன் தெரியாததால் கொழுப்புத்திசு வகையைச் சேர்க்கவே இல்லை.

ஜிஸ்ட்டுக்குள்ளேயே உட்பிரிவு உண்டு. பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாடினிப் வேலை செய்யாது. அதற்கு அவாப்ரிடினிப் என்ற வேறு மாத்திரை. அமெரிக்காவில் அது அனுமதி பெற 2020 ஆகிவிட்டது.