ஆய்வூதியம் என்றால் என்ன குறை?

போன வாரம் பிழைதிருத்த வந்த ஒரு சுற்றறிக்கையில் 'முனைவர் பட்டத் தோழமைக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்கள்' என்று இருந்தது. மூலத்தைப் பார்க்காமலே நடந்தது புரிந்துவிட்டது. எந்திரம் பெயர்த்துக் கொடுத்த ஃபெல்லோஷிப் அது, அதாவது ஆய்வு செய்பவருக்கு மாதாமாதம் கொடுக்கும் பணம். மனிதர் ஒருவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதற்கு முன்பு இதே சொல் 'ஆராய்ச்சிக் கூட்டுறவு' என்று ஒருமுறை வந்தது. கூட்டுறவு என்றால் நம் ஊரில் பால் சொசைட்டியும் நகைக்கடனும்தான்.

இவற்றையெல்லாம் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் போகலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் வம்பு. பத்திரிகைக்காரர் 'உதவித்தொகை' என்பார். தமிழ்த்துறை நண்பர்கள் 'நல்கை' என்பார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை, நான் 'ஆய்வூதியம்' என்பேன்.

வேரை விரைவாக முடித்துவிடுகிறேன். ஃபெல்லோ என்பது பழைய நார்ஸ் மொழியின் ஃபேலாகி. ஃபே என்றால் கால்நடை, செல்வம் என்று இரண்டு பொருளும் உண்டு. 'மாடல்ல மற்றை யவை' என்று வள்ளுவர் கல்வியைப் பற்றிச் சொல்லும்போது வரும் நம் 'மாடு' போலவே. பொதுத் தொழிலில் தன் மாட்டை, அதாவது முதலை, கொண்டுவந்து போட்ட கூட்டாளிதான் ஃபேலாகி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஃபெல்லோ ஆனவருக்குக் கல்லூரிச் சொத்தின் வருமானத்தில் பங்கு கிடைத்தது. மாதப்படியைக் குறிக்கும் ஸ்டைபெண்டின் வேர் ரோமானியப் படைவீரனுக்குக் கொடுத்த சம்பளம். ஸ்காலர்ஷிப்பின் அடியில் இருப்பது ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மூன்றில் எதன் வேரிலும் உதவி இல்லை. நாம்தான் மூன்றையும் 'உதவித்தொகை' என்ற ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டோம்.

அந்தப் பைக்குள் வேறு என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை, வேலையில்லா இளைஞர் உதவித்தொகை. இவையெல்லாம் தேவையானவை, அங்கே அந்தச் சொல்லும் பொருந்துகிறது. ஆனால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் முன்வரிசையில் தேறி ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு ஃபெல்லோஷிப் வாங்கியவருக்கு என்ன உதவி? எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருத்தியின் அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாராம்: "புள்ளைக்கு மாசாமாசம் உதவித்தொகை வருது." பக்கத்து வீட்டுப் பெண் உடனே, "தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்தீங்களாக்கா? எங்க மாமியாருக்கு ரெண்டு வருஷமா இழுத்தடிக்கிறாங்க" என்றிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. தமிழில் கேட்டதைத் தமிழில் புரிந்துகொண்டார். அவர் நினைத்த முதியோர் தொகை 1,200 ரூபாய். ஆய்வு மாணவிக்கு வருவது 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். 2023 ஜனவரிக்கு முன் அது 31,000.

தொகை பெரிது என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு வேலை இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிட்டால்தான் ஜேஆர்எஃப், முதுநிலையான எஸ்ஆர்எஃப் ஆகும், 42,000 வரும். மாதாமாதம் பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதம் அங்கே விட்டுப்போனால் அரியர்ஸ் என்று வாலாட்டிக்கொண்டு எப்போதோ வரும். வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டுக் கொடுக்கும் பணத்தை உதவி என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

சொல்லுக்கு விளைவும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு 8,000 ரூபாயும் எம்ஃபில் மாணவருக்கு 5,000 ரூபாயும் கொடுத்துவந்தார்கள். 2015 அக்டோபரில் அதை நிறுத்த முடிவு வந்ததும் மாணவர்கள் டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அலுவலகத்தின் முன் போய் உட்கார்ந்தார்கள். இதைத் தமிழில் 'உதவித்தொகை ரத்து' என்று எழுதினால், கொடுத்துவந்த கை சற்று ஓய்ந்துவிட்டது என்றுதான் காதில் விழும். இந்த நுட்பம் தமிழ்நாடு அரசுக்குத் தெரியாததல்ல. 2023 செப்டம்பரில் மகளிருக்கு 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது பார்த்துப் பார்த்து 'உரிமைத்தொகை' என்று பெயர் வைத்தார்கள்.

இனி 'நல்கை'. இதைச் சொன்னாலே தமிழ்த்துறைக்காரர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மானியக் குழுவை நல்கைக் குழு என்று மாற்றி எழுதியவர்கள் ஆயிற்றே. 'மானியம்' இன்று உரத்துக்கும் சிலிண்டருக்கும் போய்விட்டதால், நிறுவனத்துக்கோ திட்டத்துக்கோ மொத்தமாகக் கொடுக்கும் நிதிக்கு நல்கை நல்ல சொல்தான். அந்த மட்டில் என் ஓட்டும் அதற்கே. ஆனால் தனி ஆளுக்கு மாதாமாதம் வருவதை நல்கை என்பது உதவித்தொகையைவிட ஒரு படி கீழே இறங்குவது. நல்குபவன் யார்? புறப்பாட்டில் மன்னன், பாடிவந்தவனுக்கு யானையோ பொன்னோ கொடுப்பான், மனம் வந்தால். அகப்பாட்டில் தலைவன், அவன் நல்காமல் போனால் தலைவிக்குப் பசலை படரும். ஐந்தாறு மாதம் பணம் வராத ஆய்வு மாணவரின் முகத்தைப் பார்த்தால் இந்த உவமை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை நாமே பெயராக வைக்க வேண்டுமா? போதாக்குறைக்குத் திருக்குறளில் வறுமையைப் பேசும் 105ஆம் அதிகாரத்தின் பெயர் நல்குரவு. தூய்மையை மட்டும் பார்த்துச் சொல் எடுத்தால் இப்படித்தான், பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாடகைக்குப் போன கதை ஆகும்.

இலங்கையில் இந்தக் குழப்பம் குறைவு. ஐந்தாம் தரப் பரீட்சையானாலும் பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல நிதியானாலும் அங்கே 'புலமைப்பரிசில்'. அழகான சொல், ஸ்காலர்ஷிப்புக்குக் கச்சிதம். ஆய்வாளரின் மாதப் பணத்துக்கு மட்டும் 'பரிசில்' உறுத்துகிறது. சிங்கப்பூரில் 'உபகாரச் சம்பளம்' என்கிறார்கள். உபகாரம் பாதி, சம்பளம் பாதி. பின்பாதி எனக்குப் பிடிக்கும்.

அதனால்தான் 'ஆய்வூதியம்' என்கிறேன். நான் கண்டுபிடித்ததாக மார்தட்டவில்லை. பேச்சுவாக்கில் நாங்கள் சிலர் புழங்கும் சொல். கணக்குப் பிரிவில் இருக்கும் நண்பர் பதறினார்: "ஊதியம்னு எழுதாதீங்க சார், வரி போட்டுடுவான்." அவர் பயம் புரிகிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு ஸ்காலர்ஷிப்புக்குத்தான் விலக்கு கொடுத்தது. ஆனால் வரி அதிகாரி சட்டத்தைப் பார்த்து முடிவு செய்வாரே ஒழிய என் மொழிபெயர்ப்பைப் பார்த்தல்ல. தமிழில் ஊதியம் என்றாலே முதலாளி தொழிலாளி உறவு என்பதும் கிடையாது. ஒருநாள் உரைக்கு வந்தவருக்கு மதிப்பூதியம் கொடுக்கிறோம், வேலையை விட்டுப் போனவருக்கு ஓய்வூதியம் கொடுக்கிறோம். இவர்கள் யாருடைய வேலையாட்கள்? அந்தக் குடும்பத்தில் ஆய்வூதியமும் ஓர் உறுப்பினராக உட்காரட்டும். ஆய்வாளரை ஊழியராகவே கொண்டாலும் குறையில்லை: நார்வேயில் முனைவர் பட்ட ஆய்வாளரின் பதவிப் பெயரே ஸ்டிபெண்டியாட்தான், அவர் சம்பளம் வாங்கும் பல்கலைக்கழக ஊழியர்.

இதில் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. ஆய்வூதியம், ஓய்வூதியம்: ஓர் எழுத்து பிசகினால் இருபத்தைந்து வயதுப் பெண் பணி ஓய்வு பெற்றுவிடுவார். அந்தச் சுற்றறிக்கையே தட்டச்சு முடிந்து திரும்பியபோது இரண்டு இடத்தில் 'முனைவர் பட்ட ஓய்வூதியம்' என்றுதான் வந்தது. மறுபடி திருத்தினேன். கேட்டுப் பழகாத சொல்லுக்கு இது நேர்வதுதான்.

அதே தாளில் இன்னொன்றும் இருந்தது. ஆய்வுச் செலவுக்குத் தனியாகக் கொடுக்கும் கண்டிஞ்சென்சிக்கு 'எதிர்பாராச் செலவு நிதி'. கலைப்புல ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. அதில் என்ன வாங்குகிறார்கள்? புத்தகம், ஜெராக்ஸ், களப்பணிக்குப் பஸ் டிக்கெட், கடைசியில் பைண்டிங். இதில் எது எதிர்பாராதது? 'சில்லறைச் செலவுத்தொகை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சில் என்ன வருகிறதென்று பார்க்க வேண்டும்.