அழுதால் மூக்கு ஏன் ஒழுகுகிறது?

அழுகிறவரிடம் ‘மூக்கைச் சிந்தாதே’ என்று சொல்கிறோம். கண்ணின் வேலையை மூக்கின் தலையில் கட்டும் இந்த வழக்கு உடற்கூற்றின்படியும் சரிதான். அப்போது சிந்துவதில் கண்ணீரும் கலந்திருக்கிறது.

கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை மூக்கோரமாகச் சற்றே வெளியே இழுத்துப் பாருங்கள். விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் அப்படி ஒன்று உண்டு. கண்ணீர் இங்கேதான் சுரக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது வெளியேறும் வாசல். அழும்போது பெருகும் நீர் புருவத்துக்குக் கீழே, கண்குழியின் வெளியோரத்தில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருகிறது. அது விழியைக் குறுக்கே கடந்து இந்த வாசலுக்கு வந்து சேர்கிறது.

அழாத நேரத்திலும் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் கண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு பங்கு ஆவியாகிவிடும். மிச்சம் இரு துளைகள் வழியே சுமார் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்குழாய்களில் இறங்கி, மூக்கை ஒட்டியுள்ள கண்ணீர்ப் பையை அடையும். அங்கிருந்து எலும்புக்குள் ஓடும் நாளம் அதை மூக்கின் உள்ளே கொண்டுபோய் விடுகிறது.

பள்ளத்தை நோக்கித் தண்ணீர் தானாக ஓடுவதைப் போன்றதல்ல இது. இங்கே ஒரு பம்பு வேலை செய்கிறது, அதை இயக்குவது இமை. நாம் கண் சிமிட்டும்போது இமைகள் வெளியோரத்திலிருந்து மூக்கு நோக்கி ஜிப் போல மூடிக்கொண்டு வந்து நீரை உள்மூலைக்குத் தள்ளுகின்றன. அதே நொடியில் நுண்குழாய்களைச் சுற்றியுள்ள தசை அவற்றை நசுக்கி, உள்ளிருப்பதைப் பைக்குள் அனுப்பிவிடும். இமை திறந்ததும் குழாய்கள் விரிந்து புது நீரை உறிஞ்சிக்கொள்ளும். முகவாதம் வந்தவர்களுக்கு நாளத்தில் அடைப்பே இல்லாமல் கண்ணீர் வழிவதற்கு இந்தத் தசை ஓய்ந்துபோவதும் ஒரு காரணம்.

கண்ணில் விட்ட சொட்டுமருந்து தொண்டையில் கசப்பதும் இந்த வழியால்தான். கண்ணால் ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர்தான் தாங்க முடியும். ஒரு சொட்டே அதற்கு மேல் இருக்கும், ஆகவே இரண்டாவது சொட்டு வீண். மருந்து விட்டதும் கண்ணை மூடி, உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். கண் அழுத்த நோய்க்குத் தரப்படும் டிமோலால் போன்ற மருந்துகள் மூக்கின் சவ்வு வழியே ரத்தத்தில் கலந்து இதயத்துடிப்பையும் மூச்சையும் பாதிக்கக்கூடும் என்பதால், இந்தச் சிறு பழக்கம் மிக முக்கியம்.

சில குழந்தைகள் பிறக்கும்போது நாளத்தின் கீழ்முனை மெல்லிய சவ்வால் மூடியே இருக்கும். கண் எப்போதும் ஈரமாக, பீளை கட்டியபடி இருக்கும். பெற்றோர் பயந்துபோவார்கள். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சவ்வு தானாகத் திறந்துவிடும். உள்மூலையிலிருந்து கீழ்நோக்கி நீவிவிடுவது உதவும், அதை மருத்துவரிடம் கேட்டுப் பழகுவது நல்லது. மூக்கோரம் சிவந்து வீங்கினால் மட்டும் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது.

விலங்குகளில் இந்தப் பாதை மண்டையோட்டுக்கு ஏற்ப மாறுகிறது. குதிரையின் நாளம் நாசித்துவாரத்தின் தரையில், வெறும் கண்ணுக்கே தெரியும்படி திறக்கிறது. அடைப்பு வந்தால் கால்நடை மருத்துவர்கள் அங்கிருந்தே நீர் பாய்ச்சிக் கழுவுவார்கள். முயலுக்குக் கண்ணுக்கு ஒரே துளைதான், கீழ் இமையில். அதன் நாளம் பல்வேர்களை ஒட்டி வளைந்து செல்வதால், வேர் நீண்டு வளர்ந்தால் கண் ஒழுகத் தொடங்கும். முயலின் கண்ணில் நீர் வந்தால் பல்லையும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பாம்புக்கு அசையும் இமை கிடையாது. கண்ணை ஒரு கண்ணாடிச் செதில் மூடியிருக்கிறது. அதற்கும் விழிக்கும் இடையே ஊறும் திரவம் நாளம் வழியாக வாய்க்குள் வடியும். நாளம் அடைத்துக்கொண்டால் செதில் குமிழ்போல உப்பிவிடும்.

யானைக்கு இந்த வடிகாலே இல்லை. கண்ணில் ஊறும் நீர் போக வேறு வழியின்றிக் கன்னத்தில் இறங்குகிறது, யானை அமைதியாக மென்றுகொண்டிருக்கும்போதும்கூட.