ஓடையில் கிடக்கும் கண்ணாடி ஏன் கண்ணில் படுவதில்லை?

ஆந்திராவில் இருக்கும் நாகலாபுரம் மலைக்குப் போகிற சென்னைக்காரர்கள் விடிவதற்கு முன்பே ஊத்துக்கோட்டையைத் தாண்டிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முதல் மடுவில் இறங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. போன முறை எங்களோடு வந்த கல்லூரி மாணவர் ஒருவர், இரண்டாவது மடுவைக் கடக்கும்போது செருப்பு நனையக் கூடாதென்று கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முழங்கால் அளவு தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போல் தெளிவாகத் தெரிந்தது. பாதி தூரம் போனதும் அவருக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு சிவப்பு இழை நீளுவதை நான்தான் முதலில் பார்த்தேன். அவருக்கு வலியே தெரியவில்லை.

கரையேறி, காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு, அவர் கால் வைத்த இடத்தைத் துழாவினோம். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு கிடைத்தது. நிறமில்லாத பாட்டிலின் துண்டு. வெயிலில் பிடித்தால் கண்ணைக் கூசவைத்தது. டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டேன். எங்கே கிடக்கிறதென்று தேட வேண்டியதாயிற்று.

இவ்வளவு கூர்மை எங்கிருந்து வந்தது, இவ்வளவு கூரான பொருள் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: உடைந்த கண்ணாடியின் பரப்பு மிக மிக வழவழப்பானது.

பாட்டில் கண்ணாடியில் பெரும்பங்கு, அதாவது 70 சதவீதத்துக்கு மேல், மணலில் இருக்கும் சிலிக்காதான். அதோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸில் உருக்கி, ஊதி, ஆறவைக்கிறார்கள். கல் உப்பையோ இரும்பையோ எடுத்துக்கொண்டால் உள்ளே அணுக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கண்ணாடியில் அந்த வரிசை இல்லை. உருகிய குழம்பில் அணுக்கள் எப்படிக் கலைந்து கிடந்தனவோ அப்படியே உறைந்துவிடுகின்றன. இரும்பை வளைத்தால் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம்கொடுக்கும். அதனால் அது நெளிகிறது. கண்ணாடியில் வழுக்குவதற்கு வரிசையே இல்லை. நெளிய வழியில்லாததால் பிளக்கிறது.

பிளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை விளக்கியவர் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அணுப்பிணைப்புகளின் வலிமையை வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணாடி, நடைமுறையில் இருப்பதைவிட 100 மடங்கு வலுவாக இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை? அவர் கண்ணாடியை இழைகளாக இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடிக்கொண்டே போயிற்று. மெல்லிய இழையின் சிறிய பரப்பில் பெரிய கீறல் இருக்க வாய்ப்புக் குறைவு என்பதே காரணம். 1921இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, கண்ணாடியின் பலவீனம் அதன் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் இருக்கிறது என்று காட்டியது. கீறலின் முனையில் விசை குவிகிறது. ஒரு பிணைப்பு அறுந்ததும் சுமை அடுத்த பிணைப்பின் தலையில் விழுகிறது. இப்படி அறுத்துக்கொண்டே போகும் விரிசல் வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தை எட்டும். அந்த வேகத்தில் போனால் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு 20 வினாடி.

அந்த ஓட்டத்தில் விரிசலுக்குத் தடைபோட உள்ளே எதுவும் இல்லை. மரத்தில் நார் தடுக்கும், கருங்கல்லில் ஒவ்வொரு துகளும் விரிசலைத் திருப்பிவிடும். அதனால்தான் உடைந்த கல் சொரசொரப்பாக இருக்கிறது. கண்ணாடியிலோ விரிசல் தொடங்கும் இடத்தை ஒட்டிய பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கிறது. அப்படிப்பட்ட இரண்டு வழவழப்பான பரப்புகள் சந்திக்கும் கோடுதான் சில்லின் விளிம்பு. அது எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஆய்வுக்கூடமே சாட்சி. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய திசுவை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் சீவ வேண்டும். அந்த வேலைக்கு 1950 முதல் உடைத்த கண்ணாடித் துண்டையே கத்தியாகப் பயன்படுத்துகிறார்கள். சாணை பிடிப்பதெல்லாம் கிடையாது. கண்ணாடியை முறைப்படி உடைப்பதுதான் கத்தி செய்யும் முறை. இதே வேலையை ஓடைப்பாறையில் மோதும் பாட்டிலும் செய்கிறது, முறையில்லாமல்.

இப்படிப்பட்ட முனை ஒன்றின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். உடம்பின் மொத்த எடை வேண்டாம். ஒரே ஒரு கிலோ அதன்மேல் இறங்கினாலே அங்கே அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. தோல் தாங்காது. நெடுநேரம் தண்ணீரில் ஊறிய பாதத்தின் தோல் இன்னும் மெத்தென்று இளகியிருக்கும். வெட்டு மெல்லியதாக, சுத்தமாக விழுவதாலும், குளிர்ந்த நீரில் கால் மரத்திருப்பதாலும் வலி தாமதமாக வருகிறது. அந்த மாணவருக்கு வலி தெரியாததன் காரணம் இதுதான்.

இனி ஒளிக்கு வருவோம். ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அது ஒளியை உறிஞ்ச வேண்டும், அல்லது சிதறடிக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். நிறமில்லாத கண்ணாடி ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பரப்பு வழவழப்பாக இருப்பதால் சிதறடிப்பதும் இல்லை. மிச்சமிருப்பது எதிரொளிப்பு மட்டும். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குப் போகும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கும் (ஊடகம் ஒளியின் வேகத்தை எவ்வளவு குறைக்கிறது என்று சொல்லும் எண்) எவ்வளவு வேறுபாடோ அதற்கேற்ப ஒரு பங்கு திரும்பி வரும். காற்றுக்கு இந்த எண் 1, தண்ணீருக்கு 1.33, பாட்டில் கண்ணாடிக்கு 1.52. நேர்க்குத்தாக விழும் ஒளியில், காற்றில் கிடக்கும் கண்ணாடிப் பரப்பு 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. அதே சில்லு தண்ணீருக்குள் கிடந்தால் 0.4 சதவீதம்தான். அதாவது, தண்ணீரில் இறங்கியதும் அதன் மினுமினுப்பு பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அந்தக் கொஞ்சத்தையும் மேலே நெளியும் அலைகளின் வெளிச்சக் கோலங்கள் விழுங்கிவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கும் போரோசிலிக்கேட் கண்ணாடிக் குவளை ஒன்றைக் கடலை எண்ணெய் நிறைந்த பெரிய பாத்திரத்தில் முக்குங்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.47ஐ ஒட்டியே இருப்பதால் குவளை கண்ணைவிட்டு மறையும். குழந்தைகளுக்குக் காட்ட நல்ல சோதனை. மடுவில் நடப்பதும் இதுதான், அவ்வளவு முழுமையாக இல்லையே தவிர.

ஆக, விளிம்பைக் கூராக்கும் அதே வழவழப்புதான் சில்லை மறைக்கவும் செய்கிறது. எலியட்ஸ் பீச்சில் அலை ஒதுக்கும் சில துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள்: விளிம்பு மழுங்கி, மேலே பால் படிந்ததுபோல் மங்கி இருக்கும். அலை அவற்றை ஆண்டுக்கணக்கில் மணலில் புரட்டுகிறது. மணலின் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. அது போட்ட லட்சக்கணக்கான நுண்கீறல்கள்தான் அந்தப் பால்நிறம். கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அந்தத் துண்டு நன்றாகவே கண்ணில் படுகிறது. ஆபத்து போன பிறகுதான் கண்ணாடி தன்னைக் காட்டிக்கொள்கிறது. காலை வெட்டக்கூடிய புதுச் சில்லு மறைந்தே கிடக்கிறது.

‘மலையோடையிலும் தண்ணீர் ஓடுகிறதே, அங்கேயும் மழுங்கிவிடாதா?’ என்று கேட்கலாம். கடல் ஓய்வதில்லை. நாகலாபுரத்திலும் தடாவிலும் ஓடை வலுவாக ஓடுவது மழைக்காலத்தை ஒட்டிய சில மாதங்கள். மற்ற நாட்களில் சில்லு ஒரு பாறை இடுக்கில் அசையாமல் கிடக்கும். வெள்ளம் வரும்போது புரளும். புரளும்போது மழுங்குவதற்குப் பதில் மறுபடி உடைந்து புது விளிம்பைக் காட்டவும் செய்யும். நான்கு துண்டு எட்டாகும்.

உடைந்து பொடியாகிவிட்டால் தீங்கு தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். சென்னையில் மாஞ்சா நூல் பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம். அந்த நூலில் பூசியிருப்பது கண்ணாடிப் பொடி. பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு சில்லுதான்.

மட்கிப்போகுமா என்றால், அதற்கும் நம் ஊரிலேயே விடை இருக்கிறது. பழைய வீடுகளின் மதில்மேல் சிமென்ட்டில் பாட்டில் ஓடுகளைப் பதித்திருப்பார்கள். சிமென்ட் பொரிந்து, காரை உதிர்ந்த சுவரிலும் அந்த ஓடுகள் இன்னும் வெட்டும். இன்னும் பின்னே போனால், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்த இடத்தில், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் செய்த கண்ணாடி மணிகள் சிவப்பும் நீலமுமாக நிறம் மாறாமல் மண்ணுக்குள் இருந்தன. கண்ணாடியைத் தின்று செரிக்கும் கரையானோ பூஞ்சையோ இல்லை. தண்ணீர் அதன் மேற்பரப்பிலிருந்து சோடியத்தை மெல்ல மெல்லக் கரைத்தெடுக்கும், அவ்வளவுதான். அந்த மணிகளைக் கையில் எடுப்பவர்களுக்குப் பெருமிதம் வருகிறது. நாம் மலையில் விட்டுவருவதும் அதே ஆயுள் கொண்ட பொருள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சில்லுகளில் மிக மோசமானது பாட்டிலின் அடிப்பாகம். அங்கே கண்ணாடி தடித்திருப்பதால் மேலே உடைந்தாலும் அடி அப்படியே நிற்கும். நான்கைந்து பற்களோடு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கிண்ணம் அது. மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். இந்தப் பற்கள்மேல் கால் வைக்கிறவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர். யானையின் பாதத்துக்குள் கொழுப்பும் நாருமான ஒரு மெத்தை இருக்கிறது. டன் கணக்கில் எடையோடு அது ஓட்டின்மேல் இறங்கும்போது துண்டு ஆழமாகப் புதைந்து, புண் சீழ் பிடித்து, யானை நடக்க முடியாமல் படுத்துவிடும். இந்தக் கவலையில்தான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாயைத் திரும்பத் தரும் திட்டம் தொடங்கியது. கீழே கிடக்கும் பாட்டிலுக்கு ஒரு விலை வந்துவிட்டால் அதைக் குனிந்து எடுக்க ஆள் வருகிறது. என் கண்ணில் இதுவரை வந்த வழிகளிலேயே உருப்படியானது அது.

உடையாத பாட்டிலை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. ‘நான் உடைக்கவில்லையே’ என்பார்கள். கத்திரி வெயிலில் பாறையோடு சேர்ந்து சுட்டுக்கிடக்கும் பாட்டிலின்மேல் திடீர் மழை கொட்டினால், வெளிப்பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். உட்பக்கம் சூட்டில் விரிந்தே இருக்கும். அந்த இழுபறியில் பழைய கீறல் ஒன்று வாய் பிளக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரமும் துணைக்கு வரும்: விசை குவிந்த கீறல் முனையில் நீர் மூலக்கூறு புகுந்து சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை அறுத்துவிடும். இதெல்லாம் நடக்காவிட்டாலும், ஐப்பசி மழையில் முதல் வெள்ளம் வந்தால் பாறையில் மோதி நொறுங்குவது உறுதி.

மாணவரின் கதைக்குத் திரும்புகிறேன். ‘முள்ளை முள்ளால் எடுக்கலாம்’ என்ற பழக்கத்தில் ஒருவர் ஊக்கை நீட்டினார்; வேண்டாம் என்று தடுத்தோம். ஆழமாகக் குத்திய கண்ணாடியைத் தோண்டினால் அது உள்ளேயே உடையும். ஊருக்கு வந்ததும் மருத்துவர் தடுப்பூசி போட்டு, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கண்ணாடி எக்ஸ்ரேயில் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. தசையைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியானது என்பதால் 2 மில்லிமீட்டர் துண்டுகூடப் பெரும்பாலும் வெள்ளையாகத் தெரிந்துவிடும். உண்மையில் எக்ஸ்ரேக்குத் தப்புவது மரமுள்தான். அவருடைய குதிகாலில் இன்னொரு துண்டு இருந்தது. தண்ணீரில் எங்களை ஏமாற்றிய பொருள் அந்தப் படத்தில் அரிசி மணிபோல் பளிச்சென்று தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து, சில்லுகளைப் பொறுக்கியெடுக்க எட்டுப் பேர் மறுபடி போனோம். சாக்கு கிழிந்துவிடும் என்பதால் காலி பெயிண்ட் வாளிகள், நீளமான இடுக்கிகள், தடித்த கையுறைகள். காலை ஏழு மணிக்கே நடையைத் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. ஒளி சாய்ந்து விழ விழக் கண்ணாடி எதிரொளிக்கும் பங்கு கூடும். 80 டிகிரிச் சாய்வில் 4 சதவீதம் என்பது 40ஐ நெருங்கிவிடும். தாழ்ந்த சூரியனை எதிரே வைத்து நடந்தால் பாதையோரச் சில்லுகள் தாமாகவே மின்னிக் காட்டிக்கொடுக்கின்றன. மரநிழலில் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, எதிர்ப்பக்கம் நின்று பார்க்க வேண்டும். சருகுக்குள் கிடக்கும் பழுப்புப் பாட்டில் துண்டுகள் இதில்தான் அகப்பட்டன. தண்ணீருக்குள் இந்த உபாயம் பலிக்கவில்லை. அங்கே செருப்பைக் கழற்றாமல் நடப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

இரண்டாவது மடுவின் கரையில், குளிர வைப்பதற்காகக் கற்களுக்கு நடுவே யாரோ செருகிவிட்டு மறந்துபோன மூன்று பாட்டில்கள் முழுசாக இருந்தன. சில்லுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவற்றைத்தான் முதலில் எடுத்தோம்.